கறுப்புக்கு வட்டி உண்டு!

மூன்றாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பம்



"பிரிண்டிங்கா? அதுல மூணு வருஷம் படிக்க என்னப்பா இருக்கு? பட்டனை அமுக்கினா பேப்பர் வருது!" ஹாஸ்டல் மெஸ்ஸில் மெக்கானிக்கல் நண்பர்கள் எங்களைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். சாம்பார் ஆறிவிடுமே என்ற கவலைதான் காரணம். ஆனால் இந்த முறை மலர்க்குழு கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் எழுதப்போவது நாலு கலர் காலண்டரைப் பற்றி அல்ல. ஒரே ஒரு கலர். கறுப்பு! வெள்ளைத் தாள், கறுப்பு மை. இதைவிட எளிமையான அச்சு வேலை உலகத்தில் கிடையாது என்று நானும்தான் நினைத்திருந்தேன். நல்ல கறுப்பு வேண்டுமென்றால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை 2023 மே மாதம் சிவகாசியில் இன்பிளான்ட் ட்ரெயினிங் போனபோது தெரிந்துகொண்டேன். பாடப் புத்தகம் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தாத்தாவின் முகம் சொல்லிக் கொடுத்தது.

தாத்தாவின் ஒரே படம்

ட்ரெயினிங் சேர்ந்த இரண்டாவது வாரம் தாத்தா இறந்துபோனார். கரிசல் காட்டு விவசாயி. பருத்தியும் கம்பும் போட்டு, ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவர். மண்ணும் கறுப்பு, மனிதரும் நல்ல கறுப்பு. இடது கன்னத்தில் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டேதான் யோசிப்பார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல படம். என் பெரியப்பா கல்யாணத்தின்போது ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மற்ற எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் பாதி முகமாக நிற்பார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏலே, நீதான் பிரிண்டிங் படிக்கிறியே. தாத்தாவுக்கு நீயே அடிச்சுக் கொண்டா. ஐந்நூறு போதும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ட்ரெயினிங் எடுத்த பிரஸ்ஸிலேயே முதலாளியிடம் அனுமதி கேட்டேன். வேலை நேரம் முடிந்த பிறகு சிங்கிள் கலர் மெஷினில் அடித்துக்கொள்ளச் சொன்னார். காசு அதிகம் ஆகக்கூடாது என்பதால் 120 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள். வடிவமைப்பு என்னுடையது. முழுப் பக்கமும் கறுப்புப் பின்னணி, நடுவில் தாத்தா படம், எழுத்தெல்லாம் வெள்ளையில். கம்ப்யூட்டரில் பார்க்கச் சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது! வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் கை கூப்பும் படத்தைப் பதிலாகப் போட்டார்கள்.

மாதிரித் தாள் இரண்டு மூன்று ஓடியதும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கு? போன்ல பார்த்தப்ப கரேர்னு இருந்துச்சே?"

எனக்குச் சுருக்கென்றது. "நாளைக்குப் பாருங்க பெரியப்பா. கறுப்புன்னா இதுதான் கறுப்புங்கற மாதிரி கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்!

கறுப்பு என்பது என்ன?

கதையைச் சற்று நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் நான் செய்த தப்பு புரியும்.

அச்சில் கறுப்பு என்பது ஒளி திரும்பி வராத இடம். எவ்வளவு குறைவாகத் திரும்புகிறதோ அவ்வளவு கறுப்பு. இதை டென்சிட்டோமீட்டர் என்ற கருவியால் அளக்கிறோம். அது காட்டும் எண்ணுக்கு அடர்த்தி என்று பெயர். விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு திரும்பினால் 2. ஆயிரத்தில் ஒன்று என்றால் 3. கணக்கு வாத்தியார் நடத்திய லாகரிதம் எங்கே பயன்படும் என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்!

செய்தித்தாள் கறுப்பு சுமார் 1.1 இருக்கும். அதாவது நாம் கறுப்பு என்று படிக்கும் எழுத்திலிருந்தே 8 சதவீத ஒளி கண்ணுக்கு வந்துகொண்டிருக்கிறது. மேப்லித்தோவில் 1.2 அளவுக்கு வரும். நல்ல ஆர்ட் பேப்பரில் 1.7 வரை போகலாம். அங்கே திரும்புவது வெறும் 2 சதவீதம். 2014ல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வான்டாபிளாக் என்ற பொருளை அறிமுகம் செய்தது. அது விழும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கிவிடும். ஆனால் அது மை அல்ல, மிக நுண்ணிய கார்பன் குழாய்களால் ஆன பூச்சு. நம் மெஷின் டக்ட்டில் ஊற்ற முடியாது!

பெரியப்பா போனில் பார்த்த கறுப்பு வேறு சாதி. இப்போது வரும் பல போன்களில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளியில் விளக்கே அணைந்துவிடும். தாளில் அப்படி அணைக்க முடியாது. தாள் எப்போதும் வெள்ளைதான். அதன் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுள்ள மைப்படலத்தைப் போட்டு மூடப் பார்க்கிறோம். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய திரைக்குள்தான் நம் சாமர்த்தியம் எல்லாம்.

அந்த மைக்கு மூலப்பொருள் கார்பன் பிளாக். பழைய தமிழில் சொன்னால் கரி. நம் முன்னோர் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டு, விளக்குக் கரியையும் இலைச்சாறையும் மஞ்சளையும் சேர்த்துத் தடவுவார்கள். கீறலில் கரி தங்கி எழுத்து தெரியும். அதே கரியைத்தான் இன்று எண்ணெயை எரித்துத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். சுத்தமான கரி மை லேசாகப் பழுப்படிக்கும். அதனால் மை தயாரிப்பவர்கள் அதில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோம் அல்லவா? அதே தந்திரம்தான். அங்கே வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது, இங்கே கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரிகிறது!

அந்த ராத்திரி

மறுநாள் சாயங்காலம் மெஷின் முன்னால் நின்றேன். கூட இருந்தவர் மெஷின்மேன் அண்ணாச்சி. முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். டென்சிட்டோமீட்டரை வைத்துப் பார்த்தேன். 1.15 காட்டியது. அதாவது 7 சதவீத ஒளி திரும்புகிறது.

"அண்ணாச்சி, மையைக் கூட்டுங்க."

"எதுக்கு தம்பி? மேப்லித்தோவுக்கு இது போதும். கொஞ்சம் தண்ணிய வேணா குறைச்சுப் பார்ப்போம்."

"இல்ல அண்ணாச்சி. வீட்டுல சாம்பலா இருக்குங்கறாங்க. நல்லாக் கூட்டுங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "தம்பி, கறுப்பு கடன் மாதிரி. கேட்டா கிடைக்கும். வட்டி பின்னாடி வரும். உங்க வீட்டு வேலை, நீங்க சொன்னா செய்றேன்."

டக்ட் சாவிகளைத் திறந்தோம். பின்னணி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. 1.25... 1.35... 1.45. ஈரத்தில் பளபளவென்று மின்னியது. 3.5 சதவீதம்தான் திரும்புகிறது! எனக்கு ஒரே சந்தோஷம். முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் அந்தக் கறுப்பு ஓரத்திலும் டென்சிட்டோமீட்டர் எண்ணிலும்தான் இருந்தது. ஐந்நூறும் ஓடி முடிந்தது. அடுக்கி வைத்துவிட்டு ராத்திரி டீக்கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

வட்டி வந்தது

காலையில் போய்ப் பார்த்தேன். முதல் அதிர்ச்சி, டென்சிட்டோமீட்டர் 1.30 என்றது. ராத்திரி 1.45 காட்டிய அதே தாள்! மை காயும்போது மேப்லித்தோ தாள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. மையின் மேற்பரப்பு மங்கிச் சொரசொரப்பாகி, விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதற விடுகிறது. சிதறியதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கு வந்து கறுப்பைச் சாம்பலாக்குகிறது. டிரை பேக் என்று பாடத்தில் இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தது இதுதான். இவ்வளவு மை ஊற்றிக் கடைசியில் கிடைத்தது என்ன? 7 சதவீதம் 5 சதவீதமானது. அவ்வளவே!

இரண்டாவது அதிர்ச்சி, தாளின் பின்பக்கம். அடுக்கில் மேலிருந்த தாளின் முதுகில் கீழிருந்த தாளின் மை ஒட்டி, நிழல் மாதிரி படிந்திருந்தது. செட் ஆஃப். மை அதிகமானால், அடுக்கும் உயரமானால் வரும் வியாதி. ஸ்பிரே பவுடரும் சரியாகப் போடவில்லை, அடுக்கைப் பிரித்தும் வைக்கவில்லை.

மூன்றாவது, தொட்டால் கையில் கறுப்பு. விசேஷ வீட்டில் எல்லோரும் வெள்ளை வேட்டி கட்டி வருவார்களே! அட்டையை மடியில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோதே வயிறு கலங்கியது.

இருந்தாலும் மனசுக்குள் ஒரு சமாதானம். "கறுப்பு வந்திடுச்சுல்ல?" நல்லதாகப் பத்து அட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

பெரியப்பா பார்த்தார். "இப்பத்தாண்டா சரியா இருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கிட்டே கொண்டுபோனாள். எட்ட வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இது யாருய்யா?"

நண்பர்களே, பரீட்சையில் அரியர் விழுந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அறுபது வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்கிறாள்! அட்டையை வாங்கி அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். முகமே இல்லை. ஒரு கறுப்பு உருவம். அதில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு. மீசை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அம்மைத் தழும்பு போன இடம் தெரியவில்லை.

அப்பத்தாவுக்குக் கண் மங்கல்தான் என்று பெரியம்மா சொன்னாள். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது. மங்கியது அப்பத்தாவின் கண் அல்ல. நான் அடித்த அட்டை.

லூப் வைத்துப் பார்த்தது

அன்றே திரும்பிப் போய் அண்ணாச்சியிடம் அட்டையை நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லூப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். "பாருங்க."

பார்த்தேன். நமக்குத் தெரியும், அச்சில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் கறுப்புப் புள்ளிதான். புள்ளி சின்னதாக இருந்தால் வெளிர் சாம்பல், பெரிதாக இருந்தால் அடர்ந்த சாம்பல். மாநிறத்துக்காரர் முகம் 40, 50 சதவீதப் புள்ளியில் உட்கார்ந்திருக்கும் என்றால், என் தாத்தா முகம் 75லிருந்து 90 சதவீதத்துக்குள் இருந்தது. அந்த 15 சதவீத இடைவெளிக்குள்தான் அவருடைய மூக்கு, கன்னம், நெற்றிச் சுருக்கம், தழும்பு எல்லாம் இருக்கிறது. ஒரு மனிதரின் மொத்த அடையாளமும் அந்தச் சின்ன இடத்தில்!

பிளேட்டில் இருக்கும் புள்ளி தாளில் விழும்போது கொஞ்சம் வீங்கும். டாட் கெயின் என்பார்கள். சாதாரணமாகவே 50 சதவீதப் புள்ளி 70 சதவீதம் போலத் தெரிவது உண்டு. மையைக் கூட்டினால் வீக்கமும் கூடும். பெரிய புள்ளிகளுக்கு நடுவே இருப்பது ஊசி முனை அளவு வெள்ளை. அது மூடிப்போனால் 80ம் 100, 90ம் 100. லூப்பில் அதைத்தான் பார்த்தேன். தாத்தாவின் கன்னத்தில் ஒரு வெள்ளை ஓட்டைகூட மிச்சமில்லை. போதாக்குறைக்கு, ஆர்ட் பேப்பருக்கு ஏற்ற 150 லைன் ஸ்கிரீனை மேப்லித்தோவுக்கு வைத்தவனும் நான்தான். புள்ளி நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு தப்பு என் டிசைனிலேயே இருந்தது. ஆஃப்செட் மெஷினில் மை பத்தி பத்தியாகத்தான் கூடும், குறையும். முகத்துக்கு மேலும் கீழும் முழுக் கறுப்பு. பின்னணிக்கு மை கூட்டினால் அதே பத்தியில் உள்ள முகத்துக்கும் கூடும். முகத்துக்குக் குறைத்தால் பின்னணி சாம்பலாகும். ஒரே பிளேட்டில் இரண்டையும் கேட்டால் மெஷின் என்ன செய்யும், பாவம்!

"முதல் நாள் சாம்பலா இருந்தது மை குறைவால இல்ல தம்பி. தண்ணி அதிகம். மையில தண்ணி கலந்து வெளுத்துப் போயிருந்துச்சு. அதைத்தான் குறைப்போம்னேன்" என்றார் அண்ணாச்சி.

அதைக் காதில் வாங்காமல் மையைக் கூட்டச் சொன்னவன் நான்தான். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

என்னென்ன வழி, என்னென்ன விலை?

அன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து, கறுப்பை ஆழமாக்க என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்று பார்த்தோம். பிரிண்டிங் படிக்காத நண்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன். நாளைக்கு நீங்களும் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டியிருக்குமே!

முதல் வழி, மையைக் கூட்டுவது. ஓரளவுக்கு மேல் மை இரண்டு மடங்கானாலும் கறுப்பு இரண்டு மடங்காகாது. விலையைத்தான் மேலே பார்த்தீர்களே.

இரண்டாவது, தாளை மாற்றுவது. ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு மையை உள்ளே போகவிடாமல் மேலேயே தாங்கிக்கொள்ளும். கறுப்பு நிஜமாகவே ஆழமாகும். ஆனால் தாள் செலவு ஏறும், பளபளப்பு கண்ணைக் கூசும்.

மூன்றாவது, வார்னிஷ் அல்லது லேமினேஷன். வார்னிஷ், லேமினேஷன் போன்ற பரப்பு நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். வழவழப்பாக இருந்தால் அந்த 4 சதவீதம் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் போய்விடும். தாளைக் கொஞ்சம் சாய்த்தால் நம் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஈர ரோடு காய்ந்த ரோட்டைவிடக் கறுப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். விலை? இன்னொரு வேலை, இன்னொரு நாள், அப்புறம் விரல் ரேகை.

நான்காவது, கறுப்பையே இரண்டு முறை அடிப்பது. நல்ல போட்டோ புத்தகங்களில் கறுப்புக்கு ஒரு பிளேட், சாம்பல் மைக்கு ஒரு பிளேட் என்று டூயோடோன் போடுவார்கள். ஒன்று ஆழத்தைத் தரும், மற்றது முகத்தைக் காப்பாற்றும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. ஆனால் இரண்டு பிளேட், இரண்டு ஓட்டம், ரிஜிஸ்டர் ஒரு நூல் விலகினாலும் படம் போச்சு.

ஐந்தாவது, நாலு கலர் மெஷினில் கறுப்புக்கு அடியில் மற்ற கலர்களைப் போடுவது. 100 கறுப்போடு 60 சயான், 40 மெஜந்தா, 40 மஞ்சள் என்று ஒரு வழக்கமான கலவை உண்டு. மொத்தம் 240 சதவீத மை. ஆர்ட் பேப்பர் 300க்கு மேல்கூடத் தாங்கும். செய்தித்தாளுக்கோ 240தான் எல்லை. சின்ன எழுத்துக்கு இதைப் போட்டால் எழுத்தைச் சுற்றிக் கலர் கலராக விளிம்பு தெரியும்.

இவையெல்லாம் காசுக் கணக்கு. உடம்புக் கணக்கும் ஒன்று உண்டு. கார்பன் பிளாக் தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1996லேயே வகைப்படுத்தியிருக்கிறது. மை குழம்பாக நம்மிடம் வரும்போது தூள் பறப்பதில்லை. ஆனால் அதைத் தூளாகக் கையாளுபவர்களும் எங்கோ இருக்கிறார்கள். மை அதிகமானால் பிளாங்கெட்டை அடிக்கடி கழுவ வேண்டும். அந்தக் கரைப்பானின் வாடையை இழுப்பவர் அண்ணாச்சி. நான் கேட்ட கூடுதல் கறுப்புக்கு அவருடைய நுரையீரலும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கறுத்த முகங்களின் கணக்கு

இன்னொரு செய்தியையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கோடாக் கம்பெனி, கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு மாதிரிப் படம் ஒன்றை அனுப்பிவந்தது. ஷெர்லி கார்டு என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பல பத்தாண்டுகள் அந்தக் கார்டில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான்! அவள் முகத்துக்குச் சரி செய்த மெஷினில் கறுப்பு மனிதர்களின் முகம் இருட்டாகிப் போனது. பல நிறத்து முகங்களும் சேர்ந்த கார்டு 1990களில்தான் வந்தது.

இதைப் படித்தபோது கோபம் வந்தது. உடனே வெட்கமும் வந்தது. வெள்ளைக்காரன் கம்பெனியை விடுங்கள். கரிசல் காட்டில் பிறந்த நான் என்ன செய்தேன்? என் தாத்தாவின் முகத்தைப் பார்க்காமல் பின்னணியின் கறுப்பைத்தானே பார்த்தேன்?

இரண்டாவது அட்டை

விசேஷத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. டூயோடோனுக்கும் ஆர்ட் பேப்பருக்கும் காசு இல்லை. அதே மேப்லித்தோ, அதே மெஷின். புதிய தாளுக்கும் பிளேட்டுக்கும் என் ட்ரெயினிங் உதவித்தொகை போனது. அது நியாயம்தான்.

கறுப்புப் பின்னணியை மொத்தமாக எடுத்துவிட்டேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. படத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன். முகத்தில் இருந்த 75லிருந்து 90ஐ, மெஷினில் வீங்கப்போகும் அளவைக் கழித்துக்கொண்டு 50லிருந்து 75க்குள் பிரித்து வைத்தேன். முழுக் கறுப்பை மீசைக்கும் தலைமுடிக்கும் கண்மணிக்கும் மட்டும் விட்டேன். 120 லைன் ஸ்கிரீன். அண்ணாச்சி முதலில் தண்ணீரைக் குறைத்தார். பிறகுதான் மையைத் தொட்டார். 1.2ல் நிறுத்தினோம். பத்துத் தாளுக்கு ஒருமுறை லூப் வைத்துக் கன்னத்தைப் பார்த்தேன். ஓரத்தை அல்ல, கன்னத்தை.

வந்த அட்டையைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். டென்சிட்டோமீட்டர் கணக்குப்படி இது முந்தையதைவிட வெளிறிய கறுப்பு. ஆனால் கண்ணுக்கு அந்த மீசை கரேலென்று இருந்தது! சுற்றிலும் சாம்பல் படிப்படியாக இருக்க, அதற்குப் பக்கத்தில் வெள்ளை இருக்க, கண் அந்தக் கறுப்பை ஆழமாகப் பார்த்துக்கொள்கிறது. எல்லாமே கறுப்பாக இருந்த அட்டையில் கறுப்பைக் கறுப்பு என்று காட்ட எதுவுமே இல்லை.

இந்த முறை அப்பத்தாவிடம் அட்டையை நீட்டும்போது என் கை நடுங்கியது. அவள் வாங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆள்காட்டி விரலால் படத்தின் இடது கன்னத்தைத் தடவினாள். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தை. விரலில் மை ஒட்டவில்லை.

பெரியப்பா மட்டும் "முதல்ல அடிச்சது இன்னும் கறுப்பா இருந்துச்சே" என்று இழுத்தார். அப்பத்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்!

நம் முகங்கள்

கட்டுரையை முடிக்கும் முன் ஒரு வார்த்தை. இந்த மலரின் கடைசியில் இறுதியாண்டு மாணவர்களின் படங்கள் வரும். உள்பக்கம் எல்லாம் சிங்கிள் கலர்தான். நம்மில் முக்கால்வாசிப் பேர் நல்ல நிறத்துக்காரர்கள் என்பது உங்களுக்கே தெரியும். போன வருஷ மலரில் சிவில் நண்பன் ஒருவன் தன் படத்தைக் கண்டுபிடிக்கப் பேரைப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. "மச்சான், இது நானா, கரடியா?" என்று அவன் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இந்த வருஷம் சிரிக்க முடியாது.

ஆகவே எங்கள் வகுப்பு சார்பில் மலர்க்குழுவிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம். அந்தப் பக்கங்களை எங்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகத் திறந்து, மேப்லித்தோவுக்கு ஏற்றபடி சரிசெய்து தருகிறோம் என்றோம். ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரமாக ராத்திரி அந்த வேலைதான் நடக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் முகங்களும் அதில் இருக்கின்றன. பட்டனை அமுக்கினால் மட்டும் வருவதில்லை!

மலர் கைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றலாம். தோன்றட்டும். உங்கள் அம்மா பார்த்ததும் "இது யாருப்பா?" என்று கேட்காமல் இருந்தால் போதும்.